பிள்ளைக்கு ஒரு பை

சிலோனிலிருந்து வந்து குன்னூரில் இறங்கியிருக்கிறோம். எஸ்டேட்டுக்கு இனி நடைதான். மகள் இரும்புப் பெட்டியைச் சுமப்பதால், அவளுடைய கைக்குழந்தை என் முதுகில் வர வேண்டும். கடையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் கூடையும் பழைய பட்டாளத்துக் கான்வாஸ் பையும் தொங்குகின்றன.

"கூடையே எடும்மா, வேலைக்கும் ஆகும்," என்கிறாள் மகள்.

இந்தக் குளிரில், கூடைக்குள் பிள்ளை எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாதே. பையைக் காட்டுகிறேன். மகள் பிள்ளையை அதில் உட்காரவைத்துத் தூக்கிப் பிடிக்கிறாள். சிலோனில் கூடை சுமந்த பழக்கத்தில் பையின் வாரைத் தலையில் மாட்டுகிறேன்.

கடைக்காரர் சிரிக்கிறார். "ஏனுங்கம்மா, கொழுந்து பறிக்கவா போறீங்க? தோள்ல மாட்டுங்க."

வெட்கத்தோடு தோளுக்கு இறக்குகிறேன். பிள்ளை என் பிடரியில் முகம் சாய்த்துத் தூங்கிப்போகிறது. மூச்சு சூடாகப் படுகிறது.

"கூடை அப்புறம் வாங்கிக்குவோம், புள்ள," என்கிறேன் மகளிடம்.