இரவல் போகாத தங்கம்

எங்கள் அம்மாவுக்கு ஒரு காசுமாலை இருந்தது. அதை அம்மாவின் கழுத்தில் பார்த்த நினைவுதான் எனக்கு அதிகம் இல்லை. பொன்னேரிக்கும் ஆரணிக்கும் நடுவில் எங்கள் சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் மணவறையில் அதுதான் ஜொலிக்கும். முகூர்த்த மாதங்களில் அது ஒரு சொந்தக்காரர் வீட்டிலிருந்து இன்னொரு சொந்தக்காரர் வீட்டுக்கு நேராகவே போய்விடும். நடுவில் எங்கள் வீட்டை எட்டிக்கூடப் பார்க்காது. தரமாட்டேன் என்று சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கும் வாய் வராது. நகை இருக்கிறவள் கொடுக்க வேண்டும், இல்லாதவள் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒருமுறை பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய மாலையில் இரண்டு காசு குறைந்திருந்தது. வாங்கும்போதே இல்லை என்று பெரியம்மா ஒரேயடியாய்ச் சாதித்துவிட்டாள். அம்மா சண்டை போடவில்லை. சம்பா அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் வந்ததும் நைனாவை வண்டி கட்டச் சொன்னாள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அந்தப் பணத்தில் ஒரு ஜோடி காளை வாங்க ஆசை. காளைக்கு வயசாகும், தங்கத்துக்கு ஆகாது என்று அம்மா ஒரே வார்த்தையில் அதை முடித்தாள்.

பொன்னேரிக் கடைத்தெருவில் எங்கள் பத்தரிடம் போனோம். தங்கத்தைக் கொடுத்து நகை செய்யச் சொல்பவர்களைத்தான் அந்த மனிதர் பார்த்திருக்கிறார். நல்ல நகையைக் கொடுத்து, மேலும் தங்கம் வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கிக் கட்டியாக்கு என்று சொன்னவள் என் அம்மாதான். அவர் நம்பாமல் நைனாவின் முகத்தைப் பார்த்தார். நைனா தெருவைப் பார்த்தார். நகையாகச் செய்தால் செய்கூலி, சேதாரம் என்று இரண்டு நஷ்டம், அதைவிடப் பெரிய நஷ்டம் இரவல் என்று அம்மா அவருக்கு விளக்கினாள்.

நான் செங்கல் அளவுக்கு ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தது பேரீச்சம்பழம் அளவில் ஒரு கட்டி, கொஞ்சம் கோணல் வேறு. ஆனால் கையில் வாங்கியதும் கை கீழே இறங்கியது. அம்மாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அதுவரை நான் பார்த்ததில்லை.

கட்டி சமையலறைப் புளிப்பானைக்குள் குடியேறியது. அடுத்த முகூர்த்தத்துக்குக் காசுமாலை கேட்டுப் பெரியம்மா வந்தாள். அம்மா மறுக்கவில்லை. கட்டியை எடுத்துக் கழுவித் துடைத்து, தட்டில் வைத்துக் கொண்டுவந்து மரியாதையாக நீட்டினாள்.

"தாராளமா எட்த்துக்கினு போக்கா. கழுத்துல எப்டி மாட்டுவன்றதுதான் எனக்குத் தெரியல."

அம்மா போட்டுவைத்த காப்பியைக் குடிக்காமலே பெரியம்மா போய்விட்டாள். அம்மாவும், எங்களோடு இருந்த என் அத்தையும், நானும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தக் காப்பியை மூன்று பேரும் பங்கு போட்டுக் குடித்தோம்.

சிரிப்புக்கு விலை சீக்கிரமே வந்தது. கடன் தாங்காமல் நகையை உருக்கி விற்றுவிட்டார்கள் என்று பெரியம்மா ஊர் ஊராகச் சொல்லிவிட்டாள். அந்தச் செய்தி போகக்கூடாத இடத்துக்கும் போனது. ஆரணியில் நெல் மண்டி வைத்திருந்த ஒரு குடும்பத்தில் என் அத்தைக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தை நைனாவின் ஒரே தங்கை. அதற்கு முன்னால் வந்த இரண்டு இடங்கள் ஏதேதோ காரணம் சொல்லிக் கைவிட்டுப் போயிருந்தன. இந்த மாப்பிள்ளையை அவள் மண்டியில் ஒருமுறை பார்த்திருந்தாள். பார்த்ததை என்னிடம் மட்டும்தான் சொன்னாள். ஆனால் யாராவது ஆரணி என்று பேச்செடுத்தால் அவள் கையிலிருந்து கரண்டி நழுவி விழும்.

பெண் பார்க்க வருகிற நாளில் நைனா பதறினார். பக்கத்து வீட்டு அட்டிகையையாவது வாங்கிப் போட்டுக்கொள் என்று அம்மாவைக் கெஞ்சினார். இரவலுக்குப் பயந்துதானே உருக்கினேன், நானே இரவல் போடுவதா என்று அம்மா மஞ்சள் கயிற்றோடு வந்து நின்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா கழுத்து தெரியாமல் நகை போட்டிருந்தார். அவருடைய கண் அம்மாவின் கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றது. பஜ்ஜியைத் தொடவில்லை.

"நாங்க ஒண்ணும் கேக்கல. பெரிய குடித்தனம்னு சொன்னாங்க. ஊட்டுப் பொம்பள கழுத்துல வெறும் கயிறு கெடக்குதே, அதான் மனசுக்கு ஒரு மாதிரி கீது."

நைனா தலையைக் குனிந்துகொண்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்ற அத்தையைப் பார்த்தேன். யாரும் ஒன்றும் முடிவு சொல்வதற்கு முன்பே அவள் தலையில் வைத்திருந்த மல்லிகையை மெதுவாகக் கழற்றத் தொடங்கியிருந்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சமையலறைக்கு ஓடினேன். புளிப்பானையில் தோள் வரை கையை விட்டுத் துழாவி எடுத்தேன். கழுவத் தோன்றவில்லை. நாரும் கொட்டையுமாக அப்படியே கொண்டுபோய் அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன்.

புளி உருண்டையை எதற்குக் கொடுக்கிறாள் என்று முகம் சுளித்தவரின் கை சட்டென்று கீழே இறங்கியது. கட்டை விரலால் புளியை வழித்துப் பார்த்தார். நகத்தால் ஒரு கீறு கீறினார். அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், காணாமல் போன இரண்டு காசிலிருந்து பெரியம்மா குடிக்காத காப்பி வரைக்கும். கேட்டுக்கொண்டிருந்தவரின் தோள் முதலில் லேசாகக் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என் அட்டிகை தை மாசம் போச்சும்மா, இன்னும் ஊடு திரும்பல. இப்ப நான் போட்டுக்கினு கீறதெல்லாம் எங்க ஓரகத்தியோடது."

அவர் வீட்டுக்காரர் அவசரமாகக் கூரையை ஆராய ஆரம்பித்தார். மாப்பிள்ளை அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார். அதன் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. பஜ்ஜி தீர்ந்து இரண்டாவது ஈடு போட வேண்டியதாயிற்று. அத்தை பூவை மறுபடி வைத்துக்கொண்டாள், முன்பைவிட நெருக்கமாக. கிளம்பும்போது அந்த அம்மா எங்கள் அம்மாவைத் தனியே அழைத்துப் பத்தர் கடை எங்கே என்று விசாரித்துக்கொண்டு போனார்.

கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. அத்தை வண்டி ஏறுவதற்கு முன்னால் அம்மா அவளை நெல் அறைக்குள் கூப்பிட்டாள். நானும் வாலைப் போலக் கூடவே போனேன். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து அவள் கையில் வைத்தது அந்தக் கட்டியில் சரிபாதி. எப்போது பொன்னேரிக்குப் போய் வெட்டிக்கொண்டு வந்தாளோ, நைனாவுக்கே தெரியாது.

"இத்த நகையா பண்ணிடாத. யாருக்கும் காட்டாத, மாப்ளகிட்டகூட சொல்லாத. உனுக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்."

தாலி கட்டும்போதும் அழாத, ஊரே பார்த்து அதிசயிக்கும்படி சிரித்துக்கொண்டிருந்த அத்தை, அம்மாவைக் கட்டிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள்.

எனக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. கல்யாணப் பெண்ணுக்குச் சங்கிலியோ வளையலோ தராமல் உடைந்த கட்டியில் பாதியைக் கொடுத்தால் யார்தான் அழமாட்டார்கள்? அம்மாவின் கஞ்சத்தனம் எனக்கே அவமானமாக இருந்தது. என் கழுத்தில் கிடந்த பச்சைப் பாசிமணி மாலையைக் கழற்றி எக்கி அத்தையின் கழுத்தில் போட்டேன்.

"இது இரவல் இல்ல அத்தே. திருப்பித் தர வேணாம்."

அத்தை அழுகையும் சிரிப்புமாக என்னைத் தூக்கி முத்தமிட்டாள். பட்டுப்புடவை மேல் பாசிமணி பளபளக்க வண்டியில் ஏறினாள். வண்டி ஆற்றங்கரைத் திருப்பத்தில் மறைகிறவரை நான் பின்னாலேயே ஓடினேன். எங்கள் வீட்டில் நான் ஒருத்தியாவது அவளுக்கு உருப்படியாக ஒன்று கொடுத்தேனே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.