சுவரில் இருந்த அத்தை

அப்பா பிறந்தது இலங்கையில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். ஒன்பது வயதில் தாத்தா அவரைக் கப்பலேற்றி நாமக்கல் பக்கம் கூட்டிவந்துவிட்டார். பிறகு நாற்பது வருடம் லாரி ஓட்டி அஸ்ஸாம் வரைக்கும் போன மனிதர், பிறந்த இடத்தை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓய்ந்து உட்கார்ந்த பிறகு வாயைத் திறந்தால் அதே பேச்சுதான். எனக்கோ கொழும்புக் கடற்கரையும் யானைகளும் பார்க்க ஆசை. சரி, இரண்டும் ஆகட்டும் என்று நான், அப்பா, அம்மா மூவரும் திருச்சியில் விமானம் ஏறினோம். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவள் மாதிரி அம்மா மூன்று நாளைக்குப் புளிச்சோறு கட்டியிருந்தாள். எனக்கு மானம் போனது.

அப்பாவுக்கு ஓர் அக்கா. குடும்பமே கிளம்பியபோது அவர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். கட்டிக்கொடுத்த இடம் அந்த நாட்டுக் குடியுரிமை பெற்ற வீடு. பத்து வருடம் கடிதம் வந்துகொண்டிருந்தது. கலவரம் வந்த வருடத்தோடு அதுவும் நின்றது. அங்கிருந்து தப்பி வந்த ஒருவர், லயங்களை எரித்துவிட்டார்கள், யாரும் மிஞ்சவில்லை என்று சொன்னார். லயம் என்றால் தோட்டத்துக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். தாத்தா இரண்டு கடிதம் போட்டுப் பார்த்தார். ஒரு வருடம் காத்திருந்தார். பிறகு மோகனூர் காவிரிக்கரையில் மகளுக்குக் கருமாதி செய்துவிட்டார். எனக்குத் தெரிந்த அத்தை, எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் மாலையோடு தொங்கும் படம்தான்.

அக்கா இறந்த இடத்தில் ஒரு கற்பூரம் ஏற்றவேண்டும் என்பதுதான் அப்பாவின் ஆசை. மூன்றாம் நாள் காலை தோட்டத்துக் கடை முன்னால் வேனை நிறுத்தி, அத்தையின் பெயரைச் சொல்லி, அவர் இருந்த லயம் எது என்று விசாரித்தார்.

கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார். “அந்த அம்மாவா? மேல் லயத்துல இருக்காங்க. இப்பதான் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறாங்க.”

அப்பா கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். மேட்டில் ஏறும்போதுதான் அவருக்குப் பயம் பிடித்தது. என் பக்கம் திரும்பினார்.

“சாமி, காரியம் செஞ்சதப் பத்தி மூச்சு உட்டறாத. அக்கா தாங்கமாட்டா.”

“நல்லா விசாரிக்காம உங்களை ஆருங்க செய்யச் சொன்னது?” என்று வள்ளென்று விழுந்தேன். எனக்கும் பயம்தான். அதைக் கோபமாகத்தான் காட்டத் தெரிந்தது.

அத்தை கம்பளிச் சட்டைக்குள் சின்னதாக இருந்தார். அப்பா தன் பெயரைச் சொன்னதும், அத்தை அப்பாவின் நெற்றியைத் தடவி ஏதோ பழைய தழும்பைத் தேடினார். கிடைத்ததும், “எங்கடா போன இத்தன வருசம்?” என்று கட்டிக்கொண்டார். அடுத்த ஒரு மணி நேரம் அப்பா ஒன்பது வயதுப் பையனாகவே இருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. “என்னோட வந்துரு அக்கா” என்றார். அத்தை யோசிக்கவே இல்லை. “வாறேன். பேரனோட வந்து ஒரு மாசம் இருக்கேன்” என்றார். “ஒன் வீடு எப்படி இருக்கு? படம் இருக்கா?”

நான்தான் முந்திக்கொண்டு போனை எடுத்தேன். கடன் முடித்துக் கட்டிய வீடு, பெருமை எனக்கு. வாசல், சமையலறை, மாடி என்று தள்ளிக்கொண்டே போனேன். புதுமனை புகுந்த அன்று முன்னறையில் எல்லோரும் நின்று எடுத்த படம் வந்தது. அத்தை போனை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். எங்கள் தலைகளுக்கு மேலே சுவரில் மாலை, குங்குமம், சின்ன சிவப்பு பல்பு.

“இது நாந்தானே?”

போனைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

“எந்த வருசம் தம்பி நான் செத்தேன்?”

அப்பா தலையைத் தூக்காமல் சொன்னார். “கலவரத்துக்கு அடுத்த வருசம்க்கா.”

“அப்ப நான் முகாமுல இருந்தேன். அவர வெட்டிப்போட்டுட்டாங்க. கைப்புள்ளயோட இருந்தேன். ஒங்க விலாசம் எழுதுன தாளு லயத்தோட எரிஞ்சுபோச்சு. நீங்களாத் தேடி வருவீங்கன்னு தெனமும் முகாம் வாசல்ல போயி நின்னேன்.” குரல் உயரவே இல்லை. “என்ன வச்சுப் படைச்சீங்க?”

“வருசா வருசம் ஆடி அமாவாசைக்குப் புதுச்சேலைங்க” என்றாள் அம்மா.

“யாரு கட்டுனா?”

“நாந்தானுங்க அத்தை” என்றேன். அன்று நான் கட்டியிருந்ததும் அப்படிப் படைத்த சேலைதான். கேட்காமலே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். முந்தானையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, “நல்ல சேலை” என்று விட்டுவிட்டார். அந்த இடத்திலேயே அதை அவிழ்த்து எறியலாம் போல என் உடம்பு கூசியது.

அப்பா காலில் விழுந்தார். அத்தை காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை, தொட்டுத் தூக்கவும் இல்லை. ஊருக்கு வரும் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. வேன்காரர் கீழே ஹாரன் அடித்தார். ஒரு நல்லது கெட்டது என்றால் தெரியவேண்டுமே என்று, பேரனுடைய போன் நம்பரையாவது கொடுங்கள் என்று கேட்டேன்.

“எதுக்கும்மா? நான் செத்தா ஒங்களுக்குச் சொல்லி அனுப்பவேண்டியதில்ல. நீங்கதான் எல்லாஞ் செஞ்சு முடிச்சிட்டீங்களே.”