டெய்ரி ஃபார்மில் ஐந்து அரசுகள்

கடைக்குப் போகும்போது நான் கொண்டுபோகும் சீட்டை ஊரில் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். ஆலூ, பியாஜ், அத்ரக், ஹரி மிர்ச்சி. எழுத்தெல்லாம் தமிழ், சொல் ஒன்றுகூடத் தமிழில்லை. விருதுநகரிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்த பதினோரு ஆண்டுகளில் எனக்கே தெரியாமல் இப்படி ஆகிவிட்டது. நான் வாசிக்க வாசிக்க, ஜங்லிகாட் கடைக்காரர் அதே இந்தியை வங்காள எழுத்தில் தன் நோட்டில் எழுதிக்கொள்வார். பேச்சு இருவருக்கும் ஒன்று. எழுதிய தாளை மாற்றிக்கொண்டால் இருவருமே தற்குறிகள். இதனால் என் வீட்டிலேயே ஒருநாள் சண்டை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

டப்ளினில் வேலை பார்க்கும் என் தம்பி சென்ற மழைக்காலத்தில் ஓர் ஆட்டத்தின் விதிகளை அனுப்பினான். பழைய அயர்லாந்து, கிழக்கே லெயின்ஸ்டர், தெற்கே மன்ஸ்டர், மேற்கே கொன்னாக்ட், வடக்கே அல்ஸ்டர், நடுவில் மீத் என ஐந்து அரசுகள். தங்கள் படை எங்கே போகிறது, யாருக்குத் துணை நிற்கிறது என்று எல்லோரும் ரகசியமாகச் சீட்டில் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும். வாக்குக் கொடுக்கலாம், மீறலாம். ஊரில் நானும் தம்பியும் தாயம் ஆடினால் தோற்றவர் பழியைத் தாயக்கட்டையின் மேல் போட்டுவிடுவார். இதில் உருட்ட எதுவும் இல்லை. பழி மனிதர்கள் மேல்தான் விழும்.

என் கணவருக்குத் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் வீட்டில் இருக்கமாட்டார். டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் அயர்லாந்தைச் சார்ட் தாளில் வரைந்து விரித்தேன். அலுவலகத்தில் நான் ட்ராஃப்ட்ஸ்மேன், சாலையும் வடிகாலும் வரைகிறவள். ஆட வந்தவர்கள் மூன்று பேர். பக்கத்து வீட்டுத் தபன் தா, ஜங்லிகாட்டில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் வங்காளி. அவரை எல்லோரும் தா, அண்ணன், என்போம்; என்னை அவர் தீதி, அக்கா, என்பார். எதிர்வீட்டு அப்பாராவ், மீன் வியாபாரி, தெலுங்கர். பிறகு செல்வராணி, நர்ஸ். இலங்கை மலையகத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பத்துப் பெண். நான்கு பேர்தான் என்பதால் மீத்தைக் காலியாக விட்டோம். விதிகளை இந்தியில் சொல்லிக்கொடுத்தேன். சீட்டை அவரவர் அவரவர் எழுத்தில் எழுதினோம்.

நான்காம் ஞாயிறு, மீத்துக்குள் நுழையத் துணை நிற்பதாகத் தபன் தாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, செல்வராணிக்குத் துணையாக எழுதினேன். வாசிக்கும் வரிசையில் நான் கடைசி. நான் வாசித்ததும் தபன் தா கையை நீட்டினார்.

"தீதி, சீட்டைக் காட்டுங்க."

காட்டினேன். தமிழ் எழுத்துத் தெரியாதவர், திருப்பித் திருப்பிப் பார்த்தார். செல்வராணி எட்டிப் பார்த்து, அக்கா எழுதியதைத்தான் வாசித்தார் என்றாள்.

"ஆப் தோனோ தோ ஏக் ஹீ ஹோ," என்றார் அவர். நீங்கள் இருவரும் ஒன்றுதானே, இரண்டு பேரும் தமிழ். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் வாக்கு மீறினேன், அது ஆட்டம். ஆனால் அவர் சந்தேகப்பட்டதுபோல், மற்றவர்கள் வாசித்ததைக் கேட்டுவிட்டு எழுதாததை வாசிக்கவில்லை. இந்த வித்தியாசத்தை அவருக்குக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை என்பதுதான் உறுத்தியது. மூன்று ஞாயிறுகள் யாரும் வரவில்லை. விட்டுவிடு என்றார் கணவர். என்னால் முடியவில்லை.

அலுவலகத்தில் நான் வரையும் தாளை எந்த மாநிலத்து மேஸ்திரியும் படித்துவிடுகிறார். அங்கே யாரும் மொழி கேட்பதில்லை. அயர்லாந்தை மறுபடி வரைந்தேன். ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் எண். போவதற்கு அம்பு, நிற்பதற்கு வட்டம், துணைக்குக் கூட்டல் குறி. மூன்று முறை கிழித்தேன். நான்காவது தாளைச் சுருட்டிக்கொண்டு ஆட்டோவில் ஜங்லிகாட் போனேன்.

தபன் தா தலை நிமிராமல் இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்தார். தாளை விரித்து விளக்கினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பலகையில் ஓர் அம்பும் எண்ணும் போட்டார்.

"படிங்க."

"எட்டுக்குப் போறீங்க."

"எட்டா? நாலு!"

வங்காளத்து நான்கு, நம் எட்டைப் போலவே இருந்தது. முதலில் சிரித்தவர் அவர். "டீக் ஹை, பில்லில் போடுற நம்பர்லயே எழுதுறேன்," என்றார். நான் கிளம்பும்போது, படாக் மரத் துண்டுகள் நிறையக் கிடக்கின்றன, காய்கள் செதுக்கித் தருகிறேன் என்றார்.

அடுத்த ஞாயிறு நால்வரும் உட்கார்ந்தோம். தபன் தா செதுக்கிய படைகள் எல்லாம் சிறு படகுகளாக வந்திருந்தன. நேர்மையான ஆட்டம். செல்வராணியின் கடைசிப் படையைத் தபன் தா மேற்குக் கரையில் மடக்கினார். பின்வாங்க நிலமில்லாத படையை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. நான் கையை நீட்டினேன். அவள் படகின் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

"போக எடமில்லன்னா எடுத்துருவீங்களாக்கா? எங்களயெல்லாம் எடுத்தா போட்டாங்க? கப்பல்ல ஏத்தி வேற எடத்துல எறக்குனாங்க. அப்புடி எறக்குங்க."

நான் இந்தியில் சொல்வதற்குள் தபன் தாவுக்குப் புரிந்துவிட்டது. "மேரே பாபா கோ பீ ஜஹாஜ் ஸே உதாரா தா," என்றார். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அவர் அப்பாவையும் கப்பலில் கொண்டுவந்துதான் இறக்கினார்களாம். "லிகோ தீதி, எழுதுங்க. புது ரூல்."

மேற்குக் கடலில் ஒரு தீவை வரைந்து படகை அதில் வைத்தேன். அங்கிருந்து எந்தக் கரைக்கும் திரும்பலாம் என்று எழுதினோம். போனில் இதைச் சொன்னதும் தம்பி, "அக்கா, அப்படி ஒரு ரூலே கிடையாது," என்றான். "இங்க உண்டுடா," என்றேன்.

இந்த ஞாயிறும் ஆடினோம். மற்ற மூவரும் சீட்டை மடித்துவிட்டோம், இன்னும் தீவிலேயே படகு நின்ற செல்வராணியுடையது மட்டும் வெறுமையாக இருந்தது.

"திரும்பலியா செல்வி?"

"எந்தக் கரைக்குன்னு யோசிக்கிறேன்க்கா."

படகின் முனையைக் கிழக்கே திருப்பினாள். பிறகு வடக்கே. சொல்லிக்கொடுக்க வாயெடுத்தேன். எந்தக் கரை என்று எனக்கும் தெரியவில்லை.