போகத்துக்குப் போகம் கட்டியவன்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினாறு வயதில் மட்டக்களப்புச் சந்தையில் சாக்குச் சுமந்தேன். நாற்பது வயதில் எனக்கென்று ஓர் உரக்கடையும் என் பெயரில் ஒரு லொறியும் இருந்தன. அப்பன் தந்ததில்லை, சீதனமாக வந்ததும் இல்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. கடன் என்றால் என்னவென்று எனக்குப் பாடம் எடுக்க வந்தவர்கள் எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை.

எங்கள் வழக்கம் வேறு. வாவிக்கு மேற்கே படுவான்கரை. வயல்வெளி எல்லாம் அங்கேதான். வவுணதீவு, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து விவசாயிகள் விதைப்புக் காலத்தில் என்னிடம் உரமும் மருந்தும் எடுப்பார்கள். காசு தர மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். வெள்ளாமை வெட்டிச் சூடடித்து, களவெட்டியில் நெல் குவிந்த பிறகு லொறியோடு போவேன். எனக்குரிய நெல்லை அளந்து ஏற்றிவிடுவார்கள். பயிர் பச்சையாக நிற்கும்போது வாசலில் போய் நின்று கொஞ்சமாவது தா என்று கேட்பவனை எங்கள் ஊரில் மனுசனாக மதிக்க மாட்டார்கள்.

சமாதானம் என்று சொல்லி இரு பக்கமும் துவக்கைக் கீழே வைத்திருந்த அந்தச் சில வருடங்களில், வங்கிகள் எங்கள் நகரத்துக்கு ஓடி வந்தன. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் என் கடைக்கு வந்தார்.

"முதலாளி, உங்களப் போல ஆக்களுக்குத்தான் இந்தக் காட். கையில காசில்லாமச் சாமான் எடுக்கலாம்."

"எப்ப கட்டிற?"

"பிறகு கட்டலாம், அவசரமில்ல."

அவசரமில்லை என்றால் எங்களுக்கு அறுவடைதான். மொத்தக் கடையில் அந்தக் கடன் அட்டையைத் தேய்த்து லொறி நிறைய யூரியா எடுத்தேன். மாதாமாதம் ஒரு கடிதம் வந்தது. இந்த மாதம் குறைந்தது இவ்வளவாவது கட்டுங்கள் என்று அதில் ஒரு சின்னத் தொகை போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இது பிச்சைக்காரனிடம் கேட்கிற காசு! நான் கட்டினால் முழுதாகக் கட்டுவேன், போகம் முடிந்து நெல் விற்றதும் ஒரே தரத்தில் கட்டுவேன். அப்படித்தான் இரண்டு போகம் கட்டினேன். பிந்தியதற்குக் குற்றக்காசு, அதற்கு மேல் வட்டி என்று பிடுங்கினார்கள். சத்தம் போட்டேன், ஆனாலும் கட்டினேன். உடனே எனக்குரிய கடன் அளவை இரண்டு மடங்காகக் கூட்டினார்கள். என் நாணயத்தைப் பார்த்துக் கூட்டுகிறார்கள் என்று கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். பிந்திக் கட்டுகிறவனிடம்தான் அவர்களுக்கு லாபம் என்பதை எனக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த பெரும்போகத்துக்கு அளவு முழுவதையும் எடுத்துப் படுவான்கரைக்கு உரம் கொடுத்தேன். கதிர் முற்றி வெட்டுக்கு நிற்கையில் சண்டை மூண்டது. இரவும் பகலும் ஷெல் போனது. வவுணதீவுப் பாதையை மூடினார்கள். சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு, வாவியைக் கடந்து இந்தக் கரைக்கு வந்து கூடாரங்களில் இருந்தது. வெள்ளாமை அந்தக் கரையில் நின்றது. என் காசும் அங்கேதான் நின்றது.

கொழும்பிலிருந்து போன் வரத் தொடங்கியது. சாப்பிடும்போது வரும், கோயிலில் நிற்கும்போது வரும். ஒரு செத்த வீட்டில் பாடை தூக்குகிற நேரத்திலும் வந்தது.

"ஐயா, எப்ப கட்டுறீங்க?"

"கட்டிறன் தம்பி. இஞ்ச சண்டை நடக்குது."

"அது எங்களுக்குத் தெரியாது ஐயா. வழக்குப் போட்டா உங்கட லொறி போகும்."

சண்டை நடப்பது தெரியாதாம்! பத்திரிகை வாசிக்காத நாடா அது? மாதத்துக்கு மாதம் கடன் வீங்கியது. எடுத்த யூரியாவின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குற்றக்காசும் வட்டியும் ஏறிவிட்டன. லொறி போனால் நான் மறுபடி சாக்குச் சுமக்கிறவன். அந்தப் பயத்தில் எட்டு மாதம் 'கட்டிறன், கட்டிறன்' என்று பொய் சொன்னேன்.

வங்கிக் கிளையில் இருந்த பெண், "உங்களுக்கு வரவேண்டியத வாங்கிக் கட்டுங்க ஐயா" என்றாள். சரியென்று முகாமுக்குப் போனேன். இருபது வருடமாக என்னிடம் உரம் எடுத்த ஒரு விவசாயி கூடார வாசலில் விறகு கொத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க முதலாளி, இரிங்க. கதிரை இல்ல, வாளியக் கவிட்டுத் தாறன்."

வாளியில் உட்கார்ந்தேன். வாய் திறக்க முன் அவரே சொன்னார்:

"என்னத்துக்கு வந்தீங்க எண்டு தெரியும். இப்ப ஏலா முதலாளி. திரும்பிப் போய் விதைச்சா முதல் நெல்லு உங்களுக்குத்தான்."

உள்ளேயிருந்து அவர் மனைவி கேட்டார்: "லொறியோடயா வந்த? நெல்லுக்குப் பதிலா எங்களத்தான் ஏத்த வேணும்!"

பக்கத்துக் கூடாரம்வரை சிரித்தது. நானும் சிரித்தேன். சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அவர் தலையைக் குனியவில்லை, காலில் விழவில்லை, இருப்பதைச் சொன்னார். காகிதம் இல்லாமல் நானும் ஏற்றுக்கொண்டேன். 'ஏலா', முடியாது என்ற அதே வார்த்தையை வங்கியில் சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை? பெரிய முதலாளி என்ற எண்ணம்தான், வேறென்ன.

மறுநாள் காலையே அந்தப் பெண்ணுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"பிள்ள, எனக்கு ஏலா."

"என்ன ஐயா?"

"எடுத்த சாமான்ட காசக் கட்டுவன். மாசம் மாசம் கட்டுவன். உங்கட வட்டியும் குற்றக்காசும் எனக்கு ஏலா."

அவள் கொழும்புக்கு ஒரு போன் எடுத்தாள். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள்.

"இத முதலே சொல்லியிருக்கலாமே ஐயா. அதுக்கு ஒரு ஃபோம் இருக்கு."

ஃபோம் இருக்கிறதாம்! செத்த வீட்டுக்குப் போன் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை. எட்டு மாதம் என் நித்திரையைத் தின்ற வட்டி, ஒரு போனில் முக்கால்வாசி இல்லாமல் போனது. அப்படி அழிக்கக்கூடிய வட்டியை எந்த நியாயத்தில் எழுதினார்கள்? கேட்டேன். அந்தப் பிள்ளை பேனையை நீட்டினாள்.

'கடனைச் செலுத்த இயலாதவர்' என்று தாளில் இருந்தது. அதற்குக் கீழே நான் கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

"ஒரு விசயம் ஐயா. இதுல கையெழுத்து வெச்சா இனிக் கொஞ்சக் காலத்துக்கு ஒரு வங்கியும் உங்களுக்குக் காட் தராது."

எனக்குச் சத்தமாகச் சிரிப்பு வந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்தத் தண்டனைய முதலே தந்திருக்கலாமே பிள்ள!" என்று கையெழுத்தை வைத்தேன்.

லொறியை முகாம்களுக்கு அரிசி மூட்டை ஏற்ற வாடகைக்கு விட்டேன். ஆளைக் கூலிக்கு வைக்காமல் நானே முதுகில் ஏற்றி இறக்கினேன். ஒவ்வொரு மாதமும் தவணைக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்க் கட்டினேன், ஒரு மாதம்கூடப் பிந்தவில்லை. அவர்களுடைய கணினியில் நான் இன்னும் இயலாதவன்தானாம். யார் இயலாதவன் என்று என் முதுகைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.