செருப்பை எங்கே கழற்றுவீர்கள்?

“உங்க ரூம்ல பாத்ரூம் செருப்ப எங்க கழட்டிப் போடுவாங்க?”

இப்படி ஒரு கேள்வியை என் நாத்தனார் புஷ்பவள்ளி போனில் கேட்டாள். கேட்டது தெரிந்தவர் யாரிடமும் அல்ல, கிரிக் ஊருக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் வரவேற்பில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆளிடம். மலாயில்தான் கேட்டாள், நான் தமிழில் சொல்கிறேன். மீன் கழுவிக்கொண்டிருந்த எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கையெல்லாம் செதில் என்பதால் விட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, “ஓ, படியிலயா? சரி, தேங்க் யூ” என்று போனை வைத்தாள்.

“இது வேணாம் அண்ணி. பாத்ரூம் வாசல்ல படி இருக்கு.”

“அத நேரா கேக்க வேண்டியதுதானே, படி இருக்கா இல்லையான்னு?”

“நேரா கேட்டா ‘போலே’ம்பாங்க.”

அது வாஸ்தவம்தான். நம் நாட்டில் எதைக் கேட்டாலும் பதில் ‘போலே’தான். முடியும், ஆகும், பரவாயில்லை, வந்து பார்த்துக்கொள்ளுங்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். வயதானவர் வரலாமா? போலே. கார் நிறுத்தலாமா? போலே. யானையைக் கூட்டிவந்து மெத்தையில் படுக்க வைக்கலாமா என்று கேட்டாலும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் போலே என்பார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. வருகிறவர் மனம் நோகக்கூடாது, அவ்வளவுதான்.

புஷ்பவள்ளி பிறை ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். பொருள் வாங்கியவர்கள் போனில் கூப்பிட்டுத் திட்டுவார்கள், அதைக் கேட்டுக்கொள்வதுதான் வேலை. எத்தனையோ வருடம் ஊரார் திட்டைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு இப்படி ஒரு வழி பிடிபட்டிருக்கிறது. ‘போலே’ என்று பதில் சொல்லவே முடியாத கேள்வியாகப் பார்த்துக் கேட்பாள். கூட்டித் துடைக்கிற அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு போவாரா, தள்ளிக்கொண்டு போவாரா? தூக்கினால் வழியில் படி இருக்கிறது, தள்ளினால் சமதளம். காலையில் ஜன்னலைத் திறந்தால் முதலில் என்ன சத்தம் கேட்கும்? உங்கள் ஊர்க் குரங்கு எதைத் திருடும்? இந்தக் கடைசிக் கேள்வி எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. போன் எடுத்தவர் சிரித்தால் நல்ல ஹோட்டல் என்பாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகாததற்கும் இந்த வாய்தான் காரணம் என்பது என் கட்சி. பெண் பார்க்க வந்தவரிடம், “உங்க வீட்டுல நேத்து ராத்திரி பாத்திரம் கழுவினது யாரு?” என்று கேட்டாள். மாப்பிள்ளை அவருடைய அம்மாவைப் பார்த்தார். அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். காபி ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார்கள். புஷ்பவள்ளிக்கு அதில் வருத்தமே இல்லை, “பதில் கிடைச்சிருச்சு அண்ணி” என்றாள். இன்றைக்கும் ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டிலேயே, எங்களுக்கு மேல்மாடியில் தனியாக, நிம்மதியாக இருக்கிறாள்.

இந்த முறை அவள் ஹோட்டல் தேடியது அவளுடைய அண்ணனுக்காக, அதாவது என் வீட்டுக்காரர் பழனியப்பனுக்காக.

அவர் லோரி ஓட்டியவர். பிறையில் சரக்கேற்றி, கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை வழியாக ஒரு ராத்திரி கோத்தா பாரு போய், மறு ராத்திரி திரும்புவார். காட்டு நடுவே தெமெங்கோர் ஏரி வரும், அதன்மேல் நீளமான பாலம். ஆயுசு முழுக்க அந்தப் பாலத்தைத் தாண்டியிருக்கிறார், ஏரியை ஒரு நாளும் பார்த்ததில்லை. “கண்ணாடிக்கு வெளிய கறுப்புதான் ஜெகா. தண்ணி வாசம் மட்டும் வரும்” என்பார். பிறகு ஸ்ட்ரோக் வந்து இடது கால் இழுக்க ஆரம்பித்தது, லோரியும் போயிற்று.

அதுகூடப் பெரிதில்லை. தாசேக் கெலுகோரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மண்டபத்து மேடைக்குப் படி. இவர் தயங்கி நின்றதுதான் தாமதம், நாலு இளவட்டங்கள் வந்து பிளாஸ்டிக் நாற்காலியோடு அலாக்காகத் தூக்கிவிட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான், உதவத்தான் வந்தார்கள். ஆனால் மண்டபமே திரும்பிப் பார்த்தது. இரண்டு பேர் வீடியோ எடுத்தார்கள், ஒரு அம்மாள் “ஐயோ பாவம்” என்று கன்னத்தில் கை வைத்தார். அன்றோடு சரி. மருத்துவமனை தவிர மனிதர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. பிடித்து நடக்க மருத்துவமனையில் கொடுத்த நாலுகால் சட்டத்தைத் தொடவும் மாட்டேன் என்றார். அதில்தான் நான் துண்டு காயப்போடுகிறேன்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் டிவியில் ஏரி எதையோ பார்த்துவிட்டு, “பகல்ல ஒரு தடவ பாக்கணும்” என்று வாய் தவறிச் சொன்னார். புஷ்பவள்ளி பிடித்துக்கொண்டாள். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“எவனாவது என்னைத் தூக்க வந்தா அந்த நிமிசமே வீட்டுக்குத் திரும்பணும். அப்புறம் எங்கயும் கூப்பிடக்கூடாது. சரியா?”

“சரிண்ணே” என்றாள். இந்தப் பயணம் கெட்டால் இனி இந்த மனிதர் நாலு சுவருக்குள்தான் என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான் செருப்பு, வாளி, குரங்கு எல்லாம். நான் ஆப்பில் பார்த்து ஆசைப்பட்ட ஹோட்டலை, ஏரியும் நீச்சல்குளமும் ஒன்றாகத் தெரிகிற அவ்வளவு அழகான ஹோட்டலை, ஒரே போனில் தள்ளிவிட்டாள். “அது ஹோட்டல்காரன் எடுத்த படம் அண்ணி. தங்கிட்டுப் போனவன் கோவத்துல எடுத்த படத்தப் பாருங்க” என்றாள். பார்த்தேன். அறைக்கும் குளத்துக்கும் நடுவே கோயில் மலை ஏறுகிற மாதிரிப் படிக்கட்டு. எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் படிக்கட்டின் மேலும் வந்தது, அவள் சொன்னது சரியாக இருந்ததன் மேலும் வந்தது.

கடைசியில் ஏரிக்கரையில் ஒரு சின்ன விடுதி அகப்பட்டது. போன் எடுத்தவள் ஷாஹிரா என்ற பெண். செருப்பு கதவுக்கு வெளியே பாயில் கிடக்குமாம். வாளியைத் தள்ளிக்கொண்டு போவார்களாம். ஜன்னலைத் திறந்தால் படகு சத்தமாம். குரங்கு துவைத்த காலுறையைத் திருடும், அதுவும் ஒற்றையாகத்தான் என்று ஷாஹிரா சொன்னதும் இரண்டு பேரும் போனில் கெக்கெக்கென்று சிரித்தார்கள். அதன்பிறகும் விட்டாளா? கட்டில் உயரம், கதவு எந்தப் பக்கம் திறக்கும், குழாய் எந்தக் கைக்கு வரும் என்று தினமும் போன். அண்ணனுக்கு உடம்பு முடியாது என்று மட்டும் மூச்சு விடவில்லை. “சொன்னா பாவம் பாப்பாங்க அண்ணி” என்றாள்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பள்ளி விடுமுறை விட்டதும் காரில் கிளம்பினோம். அவர் எனக்குப் பக்கத்து சீட்டில், புஷ்பவள்ளி பின்னால். எங்கள் தீவின் கடல் பாலத்தைத் தாண்டி, கூலிம், பாலிங் வழியாகப் போனோம். வழிநெடுக அவர் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் டாய்லெட் தேட வேண்டும், டாய்லெட் என்றால் படி இருக்கும், படி இருந்தால் கை கொடுக்க எவனாவது வருவான். இதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியாதா? கிரிக் தாண்டிக் காடு ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். யானை படம் போட்ட மஞ்சள் பலகையைக் காட்டி, “இதான், இதான்! ராத்திரியில இது மட்டும்தான் தெரியும்” என்று சின்னப் பிள்ளையாகக் கத்தினார்.

விடுதி வாசலில் காரை நிறுத்தினேன்.

வாசலில் ஷாஹிரா தலையில் ஊதா நிற முக்காட்டோடு, சிரித்த முகத்தோடு நிற்கிறாள். அவள் பக்கத்தில் துடைத்துப் பளபளவென்று ஒரு சக்கர நாற்காலி. அதன் பின்னால் தொப்பி போட்ட வாட்டசாட்டமான ஆள் ஒருவர். அவர் நேரே என் வீட்டுக்காரர் பக்கத்துக் கதவுக்கு வந்து, கையை நீட்டி, “வாங்க பாக்சிக், நான் தூக்கிக்கிறேன்” என்று மாமா முறை வைத்துக் கூப்பிட்டார்.

ஆமாம், தூக்கு என்கிற அதே சொல். வெளியூர் ஆள், வேறு பாஷை, ஆனாலும் அதே சொல்.

இவர் கார்க் கதவின் பூட்டை அழுத்தினார். “காடியத் திருப்பு ஜெகா.”

“கொஞ்சம் இருங்களேன்...”

“திருப்புன்னேன்.”

நான் கண்ணாடியை இறக்கி ஷாஹிராவிடம், இதெல்லாம் யார் கேட்டது என்று பாய்ந்தேன். அவள் முகம் வாடிவிட்டது. பாவம், அவளுடைய அப்பாவுக்கும் இதே மாதிரி கால் இழுக்குமாம். புஷ்பவள்ளியை அவள் ‘காக்’, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். “காக் புஷ்பா கேட்ட கேள்வியெல்லாம் வேற யாரு கேப்பாங்க? அதான் நாங்களே புரிஞ்சுக்கிட்டு எல்லாம் தயார் பண்ணினோம்” என்றாள். போச்சுடா! நோயாளி என்று ஒரு வார்த்தை சொல்லாமலே, கேட்ட கேள்விகளிலேயே முழு நோயாளியையும் செய்து காட்டியிருக்கிறாள் என் நாத்தனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். சீட் காலி.

“அலாமாக்! என் இடுப்பு!”

புஷ்பவள்ளி காருக்கு வெளியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு வளைந்து நின்றாள். தத்தித் தத்தி அந்த நாற்காலிவரை போனாள். பொத்தென்று உட்கார்ந்தாள்.

“ஷாஹிரா, நீ எவ்வளவு நல்ல பொண்ணு. எனக்காகவா இதெல்லாம்? நான்தான்மா அந்தச் சீக்காளி. போன்ல சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

தொப்பிக்காரர் குழம்பிப்போய் இவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஷாஹிரா பார்த்தது காருக்குள், இவருடைய இடது காலை. ஒரு நிமிடம்தான். பிறகு, “ஐயோ, காக் புஷ்பாவுக்கா? வலிக்குதா காக்?” என்று குனிந்து அவள் காலுக்கடியில் நாற்காலியின் பலகையை இழுத்துவிட்டாள். அந்தப் பெண்ணை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

தொப்பிக்காரர் நாற்காலியைத் தள்ளப்போனார். புஷ்பவள்ளி அலறினாள். “வேணாம் வேணாம்! எங்கண்ணன்தான் தள்ளணும். வேற யாரு தள்ளினாலும் எனக்கு மயக்கம் வந்துரும்லா!”

காருக்குள் இவர் வாயை இறுக்கிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிப்பு. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு ஒரு பக்கமாகக் கோணும் அந்த வாய், கோணிக்கொண்டே சிரித்தது.

“இவளுக்குக் கொழுப்பு ஜெகா” என்று பூட்டை விடுவித்தார்.

கதவைப் பிடித்து எழுந்தார். காரைப் பிடித்தபடி நகர்ந்து வந்தார். நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் பற்றினார். தள்ளினார். இடது கால் இழுத்தது, ஆனால் இரண்டு கையும் பிடிமானத்தில் இருந்தன, முன்னால் அவள் கனம் வண்டியை ஆடாமல் வைத்தது. வரவேற்பு, நடை, அறை எல்லாம் ஒரே சமதளம், வாளி தள்ளுகிற தரை. எதிரே வந்தவர்கள் வழிவிட்டு, நாற்காலியில் இருந்தவளைப் பார்த்து “ஐயோ பாவம்” என்ற முகம் வைத்தார்கள். தள்ளுகிறவரை யாரும் பார்க்கவில்லை. வீட்டில் துண்டு காயும் அந்தச் சட்டத்தைப் பிடித்து நடக்கச் சொல்லி நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். இங்கே அதே நடை நடக்கிறார், நான் சத்தம் காட்டாமல் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

அறையில் செருப்பு கதவுக்கு வெளியே பாயில் கிடந்தது. இவர் குனிந்து அதையே சற்று நேரம் பார்த்தார். பிறகு ஒரு முழு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

அதற்குப் பிறகு புஷ்பவள்ளியின் பாட்டைச் சொல்லி மாளாது. எந்த ஹோட்டலுக்குப் போனாலும் முதலில் பின்பக்கம் போய்ப் பார்க்கிற ஜென்மம் அது. “முன்பக்கம் எல்லாரும் தொடைப்பாங்க” என்பாள். இப்போது சீக்காளியாகிவிட்டதால் எழுந்து நடக்க முடியாது. ஷாஹிராவின் அம்மா கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தார், நாங்கள் சாப்பிட்ட நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றைப் பார்த்துக்கொண்டே கஞ்சி குடித்தாள். நன்றாக வேண்டும் என்று நான் இரண்டாவது தட்டு வாங்கி அவள் எதிரிலேயே சாப்பிட்டேன்.

ஆனால் ஆர்வம் விடுமா? “அண்ணே, அடுப்படி எந்தப் பக்கம்னு பாக்கணும்ணே.” தள்ளினார். “அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால என்ன இருக்குண்ணே?” தள்ளினார். “குரங்கு காலுறைய எங்கதான் ஒளிச்சு வைக்குது, போய்ப் பாப்போமா?” அதற்கும் தள்ளினார், திட்டிக்கொண்டே. வீட்டில் கட்டிலிலிருந்து டிவிவரை நடப்பதற்கு ஆயிரம் சாக்குச் சொல்கிற மனிதர்.

மறுநாள் விடிந்ததும் ஏரிக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போனார். தண்ணீர் மேல் மூட்டம், அதற்குள்ளிருந்து படகு சத்தம் மட்டும் வந்தது. மூட்டம் விலக விலகப் பச்சையாகத் தண்ணீர், அதற்கப்பால் காடு, தூரத்தில் அவருடைய பாலம். அதில் ஒரு லோரி போனது. கைப்பிடியை விடாமல் நின்றே பார்த்தார். கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்தார், மறு கையாலேயே நின்றார். எனக்கும் அழுகை வந்தது. அழுதேன், அதில் என்ன வெட்கம்?

திரும்பும்போது காரில் புஷ்பவள்ளி இரண்டு நாள் அடக்கிவைத்த காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். பாலிங் தாண்டினோம். இவர் பின்னால் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“புஷ்பா, அடுத்து கேமரன் மலைக்குப் போலாமா?”

நான் பிரேக்கை மிதித்துவிட்டேன், பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும்.

“போலாம்ணே. நான் போன் போட்டுக் கேக்கறேன். வீல்சேர் இருக்கான்னும் கேட்டுரவா?”

“இருக்கான்னு கேட்டா போலேம்பான்லா” என்றார் அவர். “கடைசியா அதுல யாரு உக்காந்தாங்க, என்ன எடைன்னு கேளு. உன்னத் தள்ளித் தள்ளி என் கையே போச்சு.”