‘முடிவெடுத்தல்’ படத்துக்கு ஒரு ஜோடி ஷூ

நம்பிக்கை, தனிமை, கூட்டு முயற்சி இதெல்லாம் பார்ப்பதற்கு எப்படியிருக்கும் என்று வெளிநாட்டுக்காரர்களுக்குத் தெரியாது என்றும், மாதனூர் பக்கம் குடியிருக்கும் நான் படமெடுத்துக் காட்டினால் தெரிந்துகொள்வார்கள் என்றும் உண்மையாகவே நம்பினேன். வெள்ளைச் சார்ட் தாளில் ஒரு முட்டையை நிறுத்திப் படமெடுத்தால் அது தனிமை. பக்கத்தில் இன்னொரு முட்டையை வைத்தால் நட்பு. இரண்டில் ஒன்றை உடைத்துவிட்டால் விவாகரத்து. ஜெர்மனியில் ஏதோ ஒரு கம்பெனிக்கு நாளைக் காலை விவாகரத்துப் படம் ஒன்று அவசரமாகத் தேவைப்படும். இணையத்தில் தேடுவார்கள். என் முட்டை கிடைக்கும். நான் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அது விற்றுக்கொண்டிருக்கும். யூடியூபில் ஒரு தம்பி அப்படித்தான் சொன்னான். அவன் பேசிய வேகத்தைப் பார்த்து, இவன் தூங்குகிற ஆள் மாதிரியே இல்லையே என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சந்தேகப்பட நேரமில்லை. நம்பாவிட்டால் ஆற்காடு.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் இருந்தேன். ஆர்டர் குறைந்ததும் முதலில் மூடியது எங்கள் செக்‌ஷனைத்தான். என் மனைவி வேறொரு கம்பெனியில் தையலில் இருக்கிறாள். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும், நான் வாசலில் நின்று கையாட்டுவேன். இந்தக் காட்சி அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் தம்பிக்கு ஆற்காட்டில் மக்கன் பேடா விற்கும் மிட்டாய்க் கடை இருக்கிறது. கல்லாவில் உட்காரும் ஆள் துபாய் போகிறான், அந்த இடத்துக்கு மாமா வரட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

மச்சானை நான் இத்தனை வருஷத்தில் எந்த விசேஷத்திலும் விட்டுவைத்ததில்லை. பந்தியில் அவன் வயிற்றைப் பார்த்து, “இன்னா மச்சான், சரக்கெல்லாம் கடையில இருக்குதா, இல்ல கையோட எடுத்தாந்துட்டியா?” என்பேன். வரிசையே சிரிக்கும். அவனும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பான். இனி அந்த வயிற்றுக்கு எதிரில் நாள் முழுக்க நான் உட்கார வேண்டும். இனி கிண்டல் பேசும் முறை அவனுடையது.

எனவே மனைவியிடம் முட்டையைப் பற்றிச் சொன்னேன். அந்த இணையதளத்துக்கு முதலில் பத்துப் படம் அனுப்ப வேண்டும், அவர்கள் பார்த்து ஏற்றுக்கொண்டால் கதவு திறந்த மாதிரி என்றேன். அவள் சீருடை கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“சரி. அந்தப் பத்த அவங்க எடுத்துக்கினா நீங்க இங்கியே இருங்க. எடுத்துக்கலன்னா வாயத் தொறக்காம ஆற்காட்டுக்குப் போயிடணும். தம்பி உங்களுக்காக வேற ஆள் பாக்காம வச்சினு இருக்கான்.”

“பத்தும் போவும் பாரு.”

“போறது கஷ்டமில்லீங்க. திரும்பி வரக்கூடாது.”

மறுநாளே தொழில் தொடங்கியது. தனிமையைக் காகம் கொத்தியது. நட்பு உருண்டு சாக்கடைக்குப் போனது. விவாகரத்தை மட்டும் பத்திரமாக ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தேன். மனைவி வேலையிலிருந்து வந்து அதில் வெங்காயம் போட்டு ஆம்லெட் ஊற்றிவிட்டாள். அடுத்து குண்டு பல்பு. பல்பு என்றால் புது யோசனை என்று அர்த்தமாம். பல்பு எரியும் நேரத்தில் வெளிச்சம் ஜாஸ்தி, அணைத்தால் அது யோசனை இல்லை, வெறும் பல்பு. சரியாக வைத்துக் குனிந்தால் கரண்ட் போகும். தெருவில் கம்பெனி பஸ் ஒன்று திரும்பினால் சார்ட் தாள் முழுக்கப் புழுதி. இதற்கிடையில் எதிர்வீட்டுக்காரர் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, “இன்னா சார், முட்டைக்குப் போட்டோ எடுக்கிறீங்களாமே? ஆதாருக்கா?” என்று விசாரித்தார். ஊரையே கிண்டல் செய்து வளர்ந்தவன் நான். என் வீட்டு மதில் மேலேயே எனக்கு ஒருவன் கிண்டல் சொல்கிறான், எனக்குப் பதில் வரவில்லை. தொழில் என் மூளையைத் தின்றுகொண்டிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

யூடியூப் தம்பியிடமே திரும்பிப் போனேன். ‘உங்களைச் சுற்றி இருப்பதை எடுங்கள்’ என்றான். என்னைச் சுற்றி என்ன இருக்கிறது? ஷூதான் இருக்கிறது. கணக்குத் தீர்த்து அனுப்பியபோது, ஆர்டர் ஆகாமல் கிடந்த பழைய சாம்பிள்களை ஒரு மூட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரே மாடலாக இரண்டைத் தேடியெடுத்து, பாலிஷ் போட்டு, மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன்.

படம் இதுதான். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் மூன்று அம்புக்குறி: ஒன்று இடது பக்கம், ஒன்று நேராக, ஒன்று வலது பக்கம். அவற்றின் முன்னால் ஒரு ஜோடி ஷூ. ஆள் இல்லை. பெயர்: முடிவெடுத்தல். பார்த்தவுடன் எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஒரு மனிதன் வாழ்க்கையில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிறான். ஆற்காடு பக்கமா, வேறு பக்கமா. அதே ஜோடியை ஒரு கோட்டின் முன்னால் வைத்தேன். அது புதிய தொடக்கம். படிக்கட்டில் ஒன்று மேலே ஒன்று கீழே, அது முன்னேற்றம். இப்படிப் பத்து.

பக்கத்து வீட்டம்மா மட்டும் ராத்திரி மனைவியை மடக்கிப் பிடித்துக்கொண்டது. “ஏம்மா, உங்க வூட்டுக்காரரு எங்க வூட்டப் பாத்து அம்பு போட்டு செருப்பு வேற வச்சிருக்காரே, இன்னா சமாச்சாரம்? யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?” செய்வினை இல்லை, வியாபாரம் என்று புரியவைக்க மனைவி அரை மணி நேரம் பேசினாள். அதற்குள் நான் மாடியில் தண்ணீர் ஊற்றி வலது பக்க அம்பை அழித்திருந்தேன்.

அனுப்புமுன் இரண்டு பேரிடம் காட்டினேன். முதலில் பாய். வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில் ரகம் பிரிக்கிறவர், என் பழைய தோஸ்த். போனைத் தூரமாகப் பிடித்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தோஸ்த், இது வயித்துப் பக்கத்துத் தோலு. இழுவை தெரியுது பாரு. முதுகுல வெட்டியிருக்கணும்.”

“பாய், படம் எப்படி இருக்குது?”

“படம் படா ஜோரா இருக்குது. தோலு கம்மி.”

அடுத்து மனைவி. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். “மூணாவது தையல் லூசு” என்று போனைக் கொடுத்துவிட்டாள்.

ஒவ்வொரு படத்துக்கும் அதைத் தேடுகிறவர்கள் தட்டக்கூடிய ஆங்கில வார்த்தைகளை அடுக்கித் தர வேண்டும். எனக்கும் பாய்க்கும் தெரிந்த ஆங்கிலம் முழுக்கக் கம்பெனி ஆங்கிலம். ஷூ, லெதர், லைனிங், அர்ஜென்ட், ஷிப்மென்ட், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன், நோ ரிஜெக்‌ஷன் என்று போட்டுக்கொண்டே போனோம். வாழ்க்கையில் முடிவெடுக்கத் திணறும் மனிதனைத் தேடி வருகிறவன் எதற்காக ஷிப்மென்ட் என்று தட்டுவான் என்று நாங்கள் யோசிக்கவில்லை. பத்தையும் அனுப்பினோம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று வந்தது. பாய்க்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். கையில் பேடா டப்பா. என் பதிலைக் கேட்டுப் போக வந்திருக்கிறான் என்று தெரியும். நான் முந்திக்கொண்டு போனை நீட்டினேன். “பாரு மச்சான். உலகம் முழுக்கப் போவப்போற படம்.”

அவன் சோபாவில் சாய்ந்து, வயிற்றின் மேல் போனை நிறுத்திப் பார்த்தான். ஒரு படம், இரண்டாவது படம், மறுபடி முதல் படம்.

“மாமா.”

“சொல்லு.”

“ரெண்டும் லெஃப்ட்டு காலு தான?”

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போனை வாங்கிப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

சாம்பிள் செக்‌ஷனில் நாங்கள் ஜோடியாகத் தைப்பதில்லை. வாங்குகிறவருக்குக் காட்ட ஒரு கால் போதும். தோலும் மிச்சம், யாரும் மாட்டிக்கொண்டு போய்விடவும் முடியாது. எங்கள் கம்பெனியில் அது எப்போதும் இடது கால். ஒன்று அவருக்குப் போகும், அதே மாதிரி ஒன்று எங்களிடம் இருக்கும். ஆர்டர் ஆகாவிட்டால் அவருக்குப் போனதும் திரும்பி வந்துவிடும். என் கட்டிலுக்கு அடியில் இருந்த மூட்டையில் இருந்தது மொத்தமும் இடது கால். அத்தனை வருஷம் நான் பார்த்ததெல்லாம் இடது காலாகவே இருந்ததால், ஷூ என்றாலே என் கண்ணுக்கு அந்த வளைவுதான். பாய் தோலைப் பார்த்தார், மனைவி தையலைப் பார்த்தாள், நான் வாழ்க்கையைப் பார்த்தேன். காலைப் பார்த்தவன் பேடா விற்கிறவன்.

“பரவால்ல மாமா,” என்றான் மச்சான். “முடிவெடுக்கத் தெரியாதவன் அவசரத்துல மாத்தி மாட்டிகினு வந்திருப்பான்.” மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவன் எனக்குச் சொன்ன முதல் கிண்டல் அது. நன்றாகவும் இருந்தது, அதுதான் தாங்கவில்லை.

அவன் போனதும் பத்துப் படத்தையும் மறுபடி பார்த்தேன். ஏற்றுக்கொள்வார்களா மாட்டார்களா என்பது போய், இப்போது வேறு பயம். ஏமாற்றுக்காரன் என்று என் பெயரைக் குறித்துவைத்துவிடுவார்களோ? ஆம்பூர் ஷூ என்றாலே இரண்டும் ஒரே கால் என்று செய்தி பரவி, இருக்கிற ஆர்டரும் போய், மனைவியின் கம்பெனி பஸ்ஸும் நின்றுபோகுமோ? ஒரு மணி நேரத்துக்குள் நான் வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிலையே மூடிவிட்டிருந்தேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போனில் படத்தைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்ப முடியும். இடது வலதாகிவிடும். பத்தையும் திருப்பினேன். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “முடிஞ்சிது. சரி பண்ணிட்டேன்.”

அவள் பார்த்தாள். “இப்ப ரெண்டும் ரைட்டுங்க.”

நானும் பார்த்தேன். ரைட்டுதான்.

மறுநாள் பஜாருக்கு ஓடி, எக்ஸ்போர்ட்டில் கழித்த ஷூ விற்கிற கடையில் இரண்டு காலும் உள்ள ஒரு ஜோடி வாங்கினேன். போட்டுப் பார்க்காமல், இடது வலது மட்டும் திரும்பத் திரும்பச் சரிபார்த்ததில் கடைக்காரர் பயந்துவிட்டார். “இன்னா சார், வூட்ல யாருக்காவது காலு சரியில்லையா?” என்றார். புதிதாகப் பத்துப் படமெடுத்தேன். வலது பக்க அம்பை மட்டும் பக்கத்து வீட்டம்மா தூங்கும் நேரத்தில் போட்டேன். மாற்றி அனுப்பப் போனால், முதல் பத்துக்கு முடிவு தெரியும்வரை வேறு எதையும் அனுப்ப முடியாது என்று வந்தது.

அப்புறம் விளக்கக் கடிதம். பாய் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடித்தேன். ஐயா, எங்கள் ஊரில் சாம்பிள் ஒரு காலில்தான் செய்வோம், இது தொழில் முறை, ஏமாற்று வேலை அல்ல, எங்கள் ஊர் மக்களுக்கு இரண்டு விதமான காலும் உண்டு. கடைசி வரி வேண்டாம் என்றார் பாய். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. அனுப்பினேன். உங்கள் கடிதம் கிடைத்தது என்று இயந்திரம் ஒன்று பதில் போட்டது. அதற்குமேல் யாரும் பேசவில்லை. நான் சாப்பிடும்போதும் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அதயும் பிசைஞ்சி சாப்ட்ருங்க” என்றாள்.

வியாழக்கிழமை பதில் வந்தது. பத்தும் ஏற்கப்படவில்லை. பத்துக்கும் ஒரே காரணம். ‘அம்புக்குறிகளின் முன் ஒரு ஜோடி ஷூ’ வகைப் படங்கள் எங்களிடம் ஏற்கனவே மிக அதிகமாக உள்ளன. வேறு பொருளில் முயலவும். காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சந்தேகத்துக்கு அந்தத் தளத்தில் தேடிப் பார்த்தேன். அதே சிமெண்டு, அதே சாக்பீஸ், அதே மூன்று அம்பு, பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. எல்லாரும் ஒழுங்காக இடதும் வலதுமாக வைத்திருந்தார்கள்.

மனைவியிடம் சொன்னேன். அவள் தம்பிக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினாள்.

“எப்ப வர்றீங்க மாமா?” என்றான் அவன்.

திங்கட்கிழமை ஆற்காட்டுக்குப் பஸ் ஏறினேன். இப்போது கல்லாவில்தான் இருக்கிறேன்.