ஸ்கேல் மாஸ்டரின் நெற்றி

என் இளைய மகன் சலூன் வைத்திருக்கிறான். கிருதா ஒதுக்குவதிலும் பின்கழுத்தில் கோடு எடுப்பதிலும் அவன் கை பிசகியதே இல்லை. அதனால் கடைத்தெருவில் அவனுக்கு ஸ்கேல் மாஸ்டர் என்று பெயர். பெற்றவள் கூட்டித்தான் சொல்வாள் என்று நினைப்பவர்கள் அவன் நாற்காலியில் ஒருதரம் உட்கார்ந்துவிட்டு வந்து பேசட்டும்.

அப்படிப்பட்டவனுக்கு இளவயதிலேயே முன்மண்டை காலியாகிவிட்டது. வெட்கப்பட்டு, முடி நடுகிற இடத்துக்குப் போனான். அங்கே நெற்றியில் வரைந்த கோடு அவனுக்குப் பிடிக்கவில்லை. பென்சிலை வாங்கி, கண்ணாடியைப் பார்த்து, இந்தப் பக்க நெற்றிப்பொட்டிலிருந்து அந்தப் பக்க நெற்றிப்பொட்டுக்கு நேர்கோடாகத் தானே இழுத்துக் கொடுத்துவிட்டான். அவர்களும் கற்றை கற்றையாக அந்தக் கோட்டிலேயே நட்டு அனுப்பினார்கள்.

வளர்ந்த பிறகு பார்த்தால் பொம்மைத் தலை. பல் துலக்கும் பிரஷ்களை வரிசையாகச் செருகியதுபோலக் கொத்துக் கொத்தாக விறைத்து நின்றது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிற பேத்தி, அவன் மகள், இதை விட்டுவிடலாம் என்கிறாள். விட்டால் அவள் அப்பா பட்டது எப்படித் தெரியும்? அன்றைக்குத் தொப்பி போட்டவன் சாப்பிடும்போதுகூடக் கழற்றவில்லை. சலூனில் எங்கே திரும்பினாலும் கண்ணாடி. புதிதாக வருகிறவர்கள் தொப்பியையும் கத்தரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று நழுவினார்கள். கடையை விற்றுவிடப் போவதாக அவன் சொன்னதும் மருமகள் என்னிடம் வந்து அழுதாள்.

நான் விடுவேனா? இப்படிக் கெட்டதைச் சரிசெய்கிற ஒரு பெண் டாக்டரை மருமகள் விசாரித்து வைத்திருந்தாள். மூவருமாகப் போனோம். கற்றைகளை எடுத்து, ஒற்றை ஒற்றை முடியாகப் பிரித்து, முன்னோரத்தில் சாய்வாக நட வேண்டும், ஓரம் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும் என்றார் அவர். இவன் முகம் சுருங்கியது.

"கோணலா இருக்குமே டாக்டர்."

"இருக்கணும். நேரா இருந்ததாலதானே இங்க வந்திருக்கீங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டான்.

மறுநாளிலிருந்து கடைக்கு வருகிறவர்களின் நெற்றியை உற்றுப் பார்த்திருக்கிறான். ஒருவருக்கு ஒரு பக்கம் ஏறியிருக்கிறது, இன்னொருவருக்கு ஓரமெல்லாம் பூனைமுடி. நேர்கோடு ஒருவருக்கும் இல்லை. கடைசியில் வீட்டுக்கு வந்து என் முடியை விலக்கிப் பார்த்தான்.

"என்னடா, பேன் பாக்கறியா?"

"இல்லம்மா. உனக்கும் கோணல்தான்."

"இந்தக் கோணலோடதான் உன்னைப் பெத்து வளர்த்தேன். பேசாம போய் அந்த டாக்டர்கிட்ட தலையக் குடு."

கொடுத்தான். கோடு வரையும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தானாம். மருமகள் சொன்னாள். எடுத்த இடம் ஆறியபின் மறுபடி நட்டார்கள். அதுவும் ஒருதரம் உதிர்ந்து, பிறகு மெல்ல முளைத்தது. பொறுத்துக்கொண்டான்.

ஒருநாள் தொப்பி இல்லாமல் கடையைத் திறந்தான். முதலில் வந்தவர் பழைய வாடிக்கை, எதிர்க்கடைப் பாத்திரக்காரர். கண்ணாடியில் அவனை நன்றாகப் பார்த்தார்.

"தொப்பி எங்க மாஸ்டர்?"

"தொலைஞ்சு போச்சுண்ணே."

"போகட்டும், நல்லாவே இல்ல அது. கிருதாவைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க."

முடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் என் மகன் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தான்.

அவன் நெற்றியின் இடது ஓரத்தில் ஒரு முடி மட்டும் கூட்டத்தைவிட்டு முன்னால் வந்து நிற்கிறது. சவரக்கத்தி நாள் முழுக்க அவன் கையில்தான் இருக்கிறது. அந்த முடியை அவன் தொடுவதில்லை.